கேள்வி – பதில்: இணைய விவாதக் குழுக்களில் கருத்துரிமையும் கருத்துப் பன்மையும்

இணையக் குழுக்களில் பேசும் உரிமையைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் பொதுவான பயனுடைய ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. நடந்துகொண்டிருக்கும் வழக்குகளின் விவரங்களோடு எழுதியவர்கள் தங்கள் வழக்கறிஞரைக் கலந்துகொள்வதே முறை.

கேள்வி: எங்கள் ஊர் வரலாற்றைப் பேசும் முகநூல் குழுவில் நான் எழுதிய மறுப்பை அட்மின் நீக்கிவிட்டார். அரசமைப்புச் சட்டம் தந்த கருத்துரிமை மீறப்பட்டதாக அவர்மீது வழக்குத் தொடுக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: கருத்துரிமையைத் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு, அரசு குடிமக்களின் வாயை அடைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டது. அப்பிரிவின் வலிமையை முதலில் காட்டிய வழக்குகளில் ஒன்றுக்குச் சென்னை மாகாண அரசின் ஆணையே காரணமாக இருந்தது. பம்பாயிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழ் மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று அரசு தடை விதிக்க, அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1950-இல் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

இணையத்தைப் பொறுத்தவரை அதே வரிசையில் வைக்கத்தக்கது, 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் வந்த தீர்ப்பு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக நுழைந்த 66ஏ பிரிவு, கணினி வழியாக மிகவும் புண்படுத்தும் செய்தியை அனுப்பினாலோ, பொய்யென்று தெரிந்தே எரிச்சலூட்டும் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பினாலோ மூன்றாண்டு வரை சிறை என்று கூறியது. எது புண்படுத்துவது, எது எரிச்சலூட்டுவது என்பதைப் புகார் வாங்கும் காவல் அதிகாரியே முடிவு செய்துகொள்ளலாம் என்ற நிலை. 2012-இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில், ஒரு தலைவரின் மறைவையொட்டி மும்பையில் கடைகள் அடைக்கப்பட்டதைக் கேள்வி கேட்டு முகநூலில் எழுதிய இளம்பெண்ணும், அதற்கு ‘லைக்’ போட்ட அவருடைய தோழியும் கைதானார்கள். அதே ஆண்டில் புதுச்சேரியில் ஒரு சிறுதொழில் உரிமையாளர் ட்விட்டரில் எழுதிய ஒரு வரிக்காகக் கைதானார். விவாதிப்பதும், ஒரு கருத்தை ஆதரித்து வாதாடுவதும் எத்தனை கசப்பாக இருந்தாலும் பேச்சுரிமைக்குள் அடங்கும், வன்முறைக்கோ குற்றத்துக்கோ தூண்டும் எல்லையைத் தொடும்போதுதான் சட்டம் குறுக்கிடலாம் என்று கூறி, உச்ச நீதிமன்றம் அப்பிரிவை முழுவதுமாக நீக்கியது. அதன் பிறகும் காவல் நிலையங்கள் பழக்கதோஷத்தில் அதே பிரிவைப் போட்டுக்கொண்டிருந்ததால், அதன் கீழ் யார்மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடி உத்தரவிட நேர்ந்தது.

உங்கள் அட்மின் அரசு அல்லர். அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் 19, 21 ஆகிய பிரிவுகள் தரும் பேச்சுரிமை, உயிர்வாழும் உரிமை போன்றவற்றைக் கோரலாம் என்று 2023 ஜனவரி 3 அன்று கௌஷல் கிஷோர் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் கூறியிருப்பது உண்மை. ஆனால் அந்த வழக்கு ஓர் அமைச்சரின் பேச்சிலிருந்து எழுந்தது. ஒரு குழுவின் அட்மின் ஒரு மறுப்பை நீக்கியதைப் பற்றியதன்று. அதை நம்பி நீங்கள் நீதிமன்றப் படியேறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கல்வெட்டோ ஆவணமோ ஆதாரமாக இருந்தால் அதன் படத்தோடு மறுபடி எழுதுங்கள். அதையும் நீக்கினால் அந்தக் குழுவின் வரலாற்று ஆர்வம் எத்தகையது என்பது தெரிந்துவிடும். இன்னொரு குழுவைத் தொடங்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

நீக்கியது அட்மின் அல்லாமல் நிறுவனமே என்றால் வழி வேறு. 50 லட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட தளங்கள், தங்கள் விதிகளை மீறியதாகக் கருதும் பதிவைத் தாமாக நீக்கும் முன் எழுதியவருக்குக் காரணத்தைத் தெரிவித்து, மறுத்துப் பேச வாய்ப்பும் தர வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2021-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அத்தளத்தின் குறைதீர் அலுவலரிடம் முறையிடலாம். அவர் முடிவு திருப்தி தராவிட்டால், 2023-இல் அமைக்கப்பட்ட மேல்முறையீட்டுக் குழுக்களை நாடலாம். அந்தக் குழுக்களை அமைப்பது ஒன்றிய அரசே என்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. தனியார் நீக்கியதற்கு அரசிடம் நியாயம் கேட்பதில் ஒரு வில்லங்கம் உண்டு.

கேள்வி: நான் குடியிருப்போர் நலச் சங்க வாட்ஸ்அப் குழுவின் அட்மின். யாரோ ஓர் உறுப்பினர் போட்ட அவதூறுக்கு என்னைப் பிடிப்பார்களா? (வாசகி, தாம்பரம்)

பதில்: அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக உங்களைக் குற்றவாளியாக்க முடியாது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021-இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் அப்படித்தான் தீர்ப்பளித்தன. நம் மதுரை அமர்வும் 2021 டிசம்பரில், கரூர் வழக்கறிஞர்களின் குழு ஒன்றைப் பற்றிய வழக்கில், மனுதாரர் அட்மினாக இருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று தெரிந்தால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது என்று காவல்துறைக்கு அறிவுறுத்தியது. நீங்களும் சேர்ந்து திட்டியிருந்தால் கதை வேறு. அச்சத்தினால் எல்லோருடைய வாயையும் பூட்டி ‘அட்மின் மட்டும் பதிவிடலாம்’ என்று மாற்றிவிடாதீர்கள். தண்ணீர் லாரி வராத அன்று அதைச் சொல்ல ஆளிருக்காது.

கேள்வி: எதையுமே நீக்காமல் விட்டுவிட்டால்தானே எல்லாக் குரல்களும் ஒலிக்கும்? நீக்கத் தொடங்கிய இடத்தில் பன்மை செத்துவிடுகிறது என்பது என் எண்ணம். (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: இந்த எண்ணத்தை ஏறத்தாழ முழுமையாகச் சோதித்துப் பார்த்த இடம் ஒன்று உண்டு. 1979-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் வகுத்து அடுத்த ஆண்டு இயங்கத் தொடங்கிய யூஸ்நெட் என்ற வலையமைப்புக்கு உரிமையாளரே இல்லை. ஒரு கணினியில் எழுதியது அடுத்த கணினிக்குப் போய், அங்கிருந்து அதற்கடுத்ததற்குப் போகும். 1987-இல் ‘ஆல்ட்’ என்ற பிரிவு உருவான பிறகு எந்தப் பொருளிலும் யாரும் குழு தொடங்கலாம் என்றாயிற்று. சமையலிலிருந்து தத்துவம் வரை ஆயிரக்கணக்கான குழுக்கள் முளைத்தன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருந்த தமிழர்கள் கூடிப் பேசவும் ஒரு குழு இருந்தது. பிடிக்காதவர் எழுதுவதைப் பார்க்க விரும்பாதவர், அவர் பெயரைத் தம் கணினியில் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். அவர் எழுதுவது இவர் கண்ணில் மட்டும் படாது, மற்றவர்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். உங்கள் கனவு இதுதான், இல்லையா?

1994 ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த வழக்கறிஞர் தம்பதியர், அமெரிக்கக் கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பித்துத் தருவதாக ஒரு விளம்பரத்தை எழுதி, ஒரு சிறு நிரலின் உதவியால் ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒரே மூச்சில் போட்டார்கள். கவிதைக் குழுவிலும் அதே விளம்பரம், கணிதக் குழுவிலும் அதே விளம்பரம். அதைத் தடுக்க அதிகாரம் பெற்றவர் யாரும் இல்லாததால், நார்வேயைச் சேர்ந்த ஒருவர் அவற்றைத் தேடித் தேடி ரத்து செய்யும் நிரலை எழுதினார். எதையும் நீக்காத இடத்தில் நீக்கும் வேலையைத் தன்னார்வலர்களே, யாரும் அமர்த்தாமலேயே செய்ய வேண்டிவந்தது. பின்னர் விளம்பரக் குப்பை பெருகப் பெருகப் பல குழுக்களில் பேச்சே நின்றுபோனது. பன்மையைக் குலைக்கத் தணிக்கை அதிகாரி வேண்டும் என்பதில்லை. ஓயாமல் கத்தும் ஒருவர் போதும்.

வசையும் இதே வேலையைத்தான் செய்கிறது. சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும், பெண் என்று தெரிந்தவுடன் ஆபாசமாக எழுதுவதும் அனுமதிக்கப்படும் குழுவில், திட்டு வாங்குபவர்கள் ஒவ்வொருவராக எழுதுவதை நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களுடைய பதிவு எதுவும் நீக்கப்பட்டதாகக் கணக்கில் வராது. எழுதப்படாமல் போனதைக் கணக்கெடுக்க வழியில்லை என்பதால்தான் ‘நாங்கள் எதையும் நீக்கவில்லை’ என்று மார்தட்ட முடிகிறது.

2015-இல், பயனர்களே குழுக்கள் அமைத்து விவாதிக்கும் ரெடிட் தளம், பருமனானவர்களை இழிவுபடுத்திய ஒரு குழுவையும் கறுப்பினத்தவரை இழிவுபடுத்திய ஒரு குழுவையும் மூடியது. இந்த வெறுப்பெல்லாம் மற்ற குழுக்களுக்குள் பரவிவிடும் என்று பலர் எச்சரித்தார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகக் கண்டது: அவ்விரு குழுக்களிலும் இருந்தவர்களில் பலர் தளத்தை விட்டே போனார்கள்; தங்கியவர்கள் வெறுப்புச் சொற்களைப் பயன்படுத்துவது குறைந்தபட்சம் 80 சதவீதம் சரிந்தது; அவர்கள் குடியேறிய குழுக்களும் கெட்டுப்போகவில்லை. இதன் மறுபக்கத்தையும் நான் மறைக்கக் கூடாது. மூடப்பட்ட வேறு சில குழுக்கள் சொந்தத் தளம் அமைத்துக்கொண்டு போனதை ஆராய்ந்தவர்கள், ஆள் எண்ணிக்கை குறைந்தாலும் எஞ்சியவர்களின் பேச்சில் கடுமை கூடிய குழுவும் உண்டு என்று 2021-இல் காட்டினார்கள். ஆகவே மூடுவது மருந்து என்று நான் வாதாடவில்லை. ஆனால் அதே ரெடிட்டில், ஆதாரமில்லாத பதில்களை இரக்கமின்றி நீக்கும் வரலாற்றுக் குழு ஒன்று உண்டு. மெசபடோமியாவின் களிமண் பலகைகளிலிருந்து சோவியத் காலத்து ரேஷன் வரிசை வரை அங்கே பேசப்படும் பொருள்களின் விரிவு, எதையும் நீக்காத எத்தனையோ குழுக்களில் இல்லை.

கேள்வி: எங்கள் இலக்கியக் குழுவில் ஒரு பதிவுகூட நீக்கப்படுவதில்லை, வசையும் இல்லை. ஆனாலும் நாளாக நாளாக எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். ஏன்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இவ்விதழில் அச்சாகும் கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான் என்று கருதுகிறேன். நீக்குவதைப் பற்றி நாம் போடும் சண்டையில், வரிசைப்படுத்துவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். விருப்பக்குறி அதிகம் பெற்றது மேலே, பெறாதது கீழே என்று அடுக்கும் ஏற்பாட்டில், அறுபது பேர் கொண்ட பெரும்பான்மை நாற்பது பேர் கொண்ட சிறுபான்மையின் எந்தக் கருத்தையும் நீக்காமலேயே கண்ணில் படாமல் செய்துவிட முடியும். எதிர்வாக்கு இருந்தால் சொல்லவே வேண்டாம். எழுதுபவர்களும் மனிதர்கள்தாமே, எதற்குக் கைதட்டு விழுகிறது என்று பார்த்து அப்படியே எழுதப் பழகுகிறார்கள்.

அந்தக் கைதட்டும் தரத்தை மட்டுமே பார்த்து விழுவதில்லை. ஒரு செய்தித் திரட்டுத் தளத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட கருத்துகளை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. கருத்து பதிவான உடனே சிலவற்றுக்கு மட்டும், எந்தத் தகுதியும் பாராமல், ஒரே ஒரு ஆதரவு வாக்கை ஆய்வாளர்களே போட்டார்கள். முடிவில் அந்தக் கருத்துகளின் சராசரி மதிப்பெண், தொடாமல் விடப்பட்டவற்றைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. செயற்கையாகப் போட்ட எதிர்வாக்கைப் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் சரிசெய்துவிட்டார்கள். செயற்கையான ஆதரவைச் சரிசெய்யவில்லை. முதலில் வந்த நண்பர் போடும் ஒரு விருப்பக்குறியின் எடையை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு மாற்றாக அமைக்கப்பட்ட ஏற்பாடு ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்வது பயன் தரும். 1997-இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்ப விவாதத் தளம், வாக்கை எல்லோருக்கும் எந்நேரமும் வாரி வழங்கவில்லை. தொடர்ந்து வாசிப்பவர்களில் சிலரை அமைப்பே தேர்ந்தெடுத்து ஐந்து புள்ளிகளைக் கொடுக்கும். அவற்றை மூன்று நாள்களுக்குள் செலவழிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். ஒரு விவாதத்தில் நீங்கள் கருத்து எழுதியிருந்தால் அதே விவாதத்தில் புள்ளி போட முடியாது. ஆடுபவரே நடுவராக இருக்கக் கூடாது என்பது ஏற்பாடு. புள்ளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: சிந்திக்க வைக்கிறது, தகவல் தருகிறது, வேடிக்கையானது, பொருளுக்குப் புறம்பானது, வம்புக்கு இழுக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கும். அப்பட்டியலில் ‘எனக்கு உடன்பாடில்லை’ என்று ஒன்று கிடையாது. மதிப்பெண் கழித்தல் ஒன்றிலிருந்து ஐந்து வரை மட்டுமே என்பதால் யாரும் ஆயிரம் வாக்குப் பெற்று அரியணை ஏற முடியாது. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் இருப்பதைக் காட்ட வேண்டும் என்பதை வாசகரே அமைத்துக்கொள்வார். கழித்தல் ஒன்றில் வைத்தால் அடிமட்டத்தில் கிடப்பவையும் தெரியும். நடுவர்களின் மதிப்பீட்டை வேறு வாசகர்கள் மறுபரிசீலனை செய்யும் ஏற்பாடும் 1999-இல் வந்தது. இத்தனை இருந்தும், விவாதத்துக்குத் தாமதமாக வந்து எழுதியவர்களுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பதை அத்தளத்தை ஆராய்ந்தவர்கள் சுட்டினார்கள். முந்தி வந்தவர் மேலேயே தங்கிவிடும் இதே குறையைத் தீர்க்கத்தான் ரெடிட் 2009-இல், மொத்த வாக்குக்குப் பதிலாக ஆதரவின் விகிதத்தைப் புள்ளியியல் முறையில் மதிப்பிட்டு அடுக்கும் வரிசையைக் கொண்டுவந்தது.

உங்கள் குழுவுக்கு மென்பொருள் எழுதத் தேவையில்லை. கருத்துகளைக் காலவரிசையில் காட்டும் தேர்வு இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, யாரும் விரும்பாமல் கீழே கிடக்கும் ஒரு நல்ல பதிவை எடுத்து, அதோடு உடன்படாத ஒருவரையே அதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். இலக்கியக் குழு என்பதால் சண்டை நிச்சயம் வரும், வரட்டும்.

கேள்வி: ஆதார் எண்ணோ சொந்தப் பெயரோ இல்லாமல் யாரும் எழுதக் கூடாது என்று சட்டம் வந்தால் வசை ஒழியாதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி)

பதில்: தென்கொரியா செய்து பார்த்துவிட்டது, ஐயா. இணைய வசை பெரும் பிரச்சினையாகிவிட்டதால், 2007-இல் பெரிய தளங்களில் கருத்து எழுதுபவர்கள் தம் அடையாளத்தை உறுதி செய்ய வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். பின்னர் நாளொன்றுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வரும் தளங்கள் எல்லாவற்றுக்கும் அது விரிவாக்கப்பட்டது. வசை குறைந்தது மிகச் சொற்பமே. சொந்தப் பெயரில் திட்டக் கூச்சப்படாதவர்கள் உலகில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அடையாள விவரங்கள் ஓரிடத்தில் குவிந்ததற்கு வேறு விளைவு இருந்தது: 2011-இல் நேட், சைவேர்ல்ட் ஆகிய தளங்களிலிருந்து ஏறத்தாழ 3 கோடியே 50 லட்சம் பயனர்களின் விவரங்கள் திருடுபோயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அச்சட்டத்தை ஒருமனதாக நீக்கியது.

அலுவலகத்தில் நடக்கும் ஊழலை எழுதும் இளநிலை உதவியாளரும், கணவர் வீட்டாருக்குத் தெரியாமல் மருத்துவச் சந்தேகம் கேட்கும் பெண்ணும், ஊரில் தன் சாதி தெரியாமல் பேச விரும்பும் இளைஞரும் சொந்தப் பெயர் கேட்டால் முதலில் வெளியேறுவார்கள். புனைபெயரில் எழுதுவது நம் பத்திரிகைகளுக்குப் புதிதுமல்ல. ஒரே புனைபெயரில் நீண்ட காலம் எழுதுபவருக்கு அந்தப் பெயரைக் காப்பாற்றும் அக்கறை வந்துவிடுகிறது. குழுக்கள் கேட்க வேண்டியது அந்த நிலைத்தன்மையைத்தான்.

கேள்வி: இலங்கையில் வந்திருக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் எங்களைப் போன்ற சிறு குழுக்களைப் பாதுகாக்குமா, முடக்குமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: 2024-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம் அந்த ஆண்டு பெப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்து உறுப்பினர் கொண்ட ஆணைக்குழு ஒன்று, தடைசெய்யப்பட்ட கூற்று என்று தான் கருதுவதை நீக்கும்படி அறிவித்தல் தரும் அதிகாரத்தைப் பெறுகிறது; பொய்யான கூற்றை வெளியிடுவது சில சந்தர்ப்பங்களில் சிறைக்குரிய குற்றமாகிறது. எது பொய் என்பதை முதலில் ஓர் ஆணைக்குழு முடிவுசெய்யும் ஏற்பாடு, 66ஏ பிரிவின் அதே நோயை வேறு உடையில் கொண்டுவருகிறது என்பதே என் கருத்து. காணாமல் ஆக்கப்பட்ட தன் உறவினர் எங்கே என்று கேட்டு எழுதும் ஒருவரின் கூற்றுக்குச் சான்று பெரும்பாலும் அரசின் கையில்தான் இருக்கும்.

அதேவேளை, இச்சட்டத்தை ஆதரிப்பவர்கள் காட்டும் காரணம் கற்பனையன்று. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனையில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது, வெறுப்புப் பதிவுகள் முகநூலில் தாராளமாக உலவின. அரசாங்கம் சமூக ஊடகங்களையே ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கியது. முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்படுவதை வாசித்துப் புரிந்துகொள்ளும் ஆட்கள் போதுமான அளவில் இல்லாததே அப்போது வெளிப்பட்ட பெரிய குறை. தமிழைப் பொறுத்தவரை இது இரட்டிப்புச் சிக்கல்: ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்த தமிழ் வசையை இயந்திரம் தவறவிடுகிறது, வட்டார வழக்கில் பாசத்தோடு சொல்லப்படும் ஏச்சை அது கொடிய வசையென்று பிடிக்கவும் கூடும். மட்டக்களப்பின் பேச்சையும் மலையகத்தின் பேச்சையும் அறிந்த ஆட்களை நியமிக்கும் கடமையைச் சட்டம் நிறுவனங்கள்மீது சுமத்தினால், சிறை என்ற சொல் இல்லாமலேயே பெரும் பயன் விளையும்.

கேள்வி: நான் நடத்தும் குழுவில் முந்நூறு பேர் இருக்கிறார்கள். தேர்தல், சினிமா, ஃபார்வர்டு ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் வருவதில்லை. என்ன செய்யலாம்? (வாசகர், ஈரோடு)

பதில்: ஃபார்வர்டை மட்டும் தடை செய்யுங்கள், சொந்தமாக ஒரு வரியாவது எழுதாமல் எதையும் பகிரக் கூடாது என்றால் பாதிக் கூட்டம் தானாகக் குறையும். தேர்தலையும் சினிமாவையும் தடை செய்யாதீர்கள், தனி இழைகளுக்குள் வைத்துவிடுங்கள். எதை நீக்கினாலும் எந்த விதியின் கீழ் என்பதை ஒரு வரியில் குழுவிலேயே எழுதுங்கள். அந்த விதியை உங்கள் கட்சிக்காரர் மீறும்போது முதலில் நீக்குங்கள், மற்றவர்கள் அதைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று: நீங்கள் கட்டிய குழு நிறுவனத்தின் நிலத்தில் நிற்கிறது. 2023 ஜூனில் ரெடிட் தன் தரவைப் பயன்படுத்தும் வெளிச் செயலிகளுக்கு அதிகக் கட்டணம் விதித்தபோது ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவடைத்துப் போராடின, புகைப்படக் குழு ஒன்று ஒரே நகைச்சுவையாளரின் படங்களை மட்டுமே வெளியிட்டுக் கேலி செய்தது, நிறுவனம் அசையவில்லை. ஆகவே நல்ல விவாதங்களை அவ்வப்போது பிரதி எடுத்து உங்கள் கணினியில் சேமித்து வையுங்கள்.